வக்கீலின் வாயில் யாருடைய பூட்டு?

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: “மாமா, கொலைகாரக் கும்பல்னு தெரிஞ்சாச்சு. ஆதாரமும் கையில இருக்கு. அப்புறம் ஏன் இவன் நேரா போய்க் கொடுக்கல? பில்லுல காசு கூடப் போட்டாங்கன்னு பிடிக்கிறதெல்லாம் ஒரு க்ளைமாக்ஸா?”

சிட்னி போலாக் இயக்கி, டாம் க்ரூஸ் நடித்து 1993-இல் வந்த ‘தி ஃபர்ம்’ படத்தைத்தான் இருவரும் பார்த்திருந்தோம். அவன் கேட்டது புதிய கேள்வி இல்லை. படம் வந்த நாளிலிருந்து பார்த்தவர்கள் இந்த ஒரு இடத்தில்தான் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு முடிவு சப்பென்று இருக்கிறது. கொலை, மாஃபியா, துரத்தல் என்று இரண்டரை மணி நேரம் பதறவைத்துவிட்டு, கடைசியில் கணக்குப்பிள்ளை வேலையில் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள் என்கிறார்கள். இன்னொரு கட்சிக்கு அந்த முடிவுதான் படத்தின் உயிர்.

நான் இரண்டாவது கட்சி. முதல் முறை பார்த்தபோது முதல் கட்சியில்தான் இருந்தேன். நடுவில் மாறியது படமில்லை. சட்டத்தில் ஒரே ஒரு கருத்து எனக்குப் புரிந்தது. வக்கீலுக்கும் அவரை அமர்த்திக்கொண்ட கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியக் காப்பு என்ற கருத்து. அது புரியாமல் பார்த்தால் கதாநாயகன் தேவையில்லாமல் சுற்றி வளைப்பது போலத் தெரியும். புரிந்துவிட்டால் அவனுக்கு வேறு வழியே இல்லை என்பது தெரியும். சட்டம் படிக்காதவர்களுக்காக அந்தக் கருத்தை இங்கே முடிந்த அளவு எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். கதையின் முடிவைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை இதுதான். மிட்ச் மெக்டீர், ஹார்வர்டில் சட்டம் படித்த ஏழை வீட்டுப் பையன். டென்னஸி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் இருக்கும் பெண்டினி, லாம்பர்ட் அண்ட் லாக் என்ற வக்கீல் நிறுவனம் அவனை அள்ளிக்கொள்கிறது. மற்ற எவரும் தராத சம்பளம், வீடு, பென்ஸ் கார், படிப்புக் கடனை அடைக்க உதவி. கொஞ்ச நாளில் உண்மை தெரிகிறது. சிகாகோவின் மொரோல்ட்டோ என்ற மாஃபியா குடும்பத்தின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதுதான் இந்த நிறுவனத்தின் உள்வேலை. விலக நினைத்த வக்கீல்கள் உயிரோடு இல்லை. எஃப்பிஐ அவனைப் பிடித்து, நிறுவனத்தின் கோப்புகளைக் கொண்டுவந்து கொடு என்கிறது. கொடுக்காவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து அவனும் உள்ளே போக வேண்டியதுதான். கொடுத்தால்?

கொடுத்தால் அவன் வக்கீலாக இருக்க முடியாது. என் அக்கா மகனுக்கு இடித்தது இந்த இடம்தான்.

வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்று வலிக்கு மருந்து கேட்டுப் போனவர், என்ன சாப்பிட்டேன் என்பதை மறைத்தால் வைத்தியம் பலிக்காது. வழக்குக்கும் அப்படித்தான். ஆனால் நான் சொல்வதை வக்கீல் நாளை வெளியே போய்ச் சொல்லிவிடுவார் என்ற பயம் இருந்தால் எவர் உண்மை சொல்வார்? குற்றம் செய்தவரை விடுங்கள். குற்றம் செய்யாதவர்கூட, தன்மேல் சந்தேகம் வரும்படியான ஒரு சின்ன விஷயத்தை மறைத்துவிடுவார். வக்கீல் அரைகுறைத் தகவலோடு நீதிமன்றத்தில் நிற்பார். அதனால்தான், ஒருவர் சட்ட ஆலோசனைக்காக வக்கீலிடம் தனிமையில் சொன்னது வெளியே போகாது என்று சட்டம் உறுதி கொடுக்கிறது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் முதலாம் எலிசபெத் ராணியின் காலத்திலேயே, 16-ஆம் நூற்றாண்டில், வக்கீலைக் கூண்டில் ஏற்றி அவருடைய கட்சிக்காரரின் விஷயத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்த மறுத்திருக்கின்றன. அமெரிக்கா அந்த வழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டது.

இதில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. பேச்சில் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

ஒன்று சாட்சியச் சட்டத்தில் இருப்பது. நீதிமன்றமே அழைத்து, உன் கட்சிக்காரர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டாலும் வக்கீல் சொல்ல மறுக்கலாம். மறுத்தே ஆக வேண்டும். இன்னொன்று தொழில் ஒழுக்கத்தில் இருப்பது. எவரும் கேட்காவிட்டாலும், விருந்தில், வீட்டில், நண்பர்களிடம், போலீஸிடம், வக்கீல் தானாக வாய் திறக்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது, கேட்காமலும் சொல்லக் கூடாது. இரண்டாவது பூட்டு முதலாவதைவிடப் பெரியது. கட்சிக்காரர் வாயால் சொன்னது மட்டுமில்லாமல், அவருடைய வேலையைச் செய்யும்போது வக்கீலுக்குத் தெரியவந்த எல்லாம் அதற்குள் வரும். உடைத்தால் தொழில் உரிமம் போகும். எஃப்பிஐ மிட்சிடம் கேட்டது இந்த இரண்டாவது பூட்டை உடைக்கச் சொல்லித்தான். கோப்பு நகல்களை ரகசியமாகக் கொண்டுவந்து கொடுக்கும் வக்கீலை நாடே பாராட்டலாம். ஆனால் அடுத்த கட்சிக்காரர் அவரிடம் எந்த நம்பிக்கையில் வருவார்?

சரி, பூட்டு இருக்கிறது. சாவி யாரிடம்?

பலரும் வக்கீலிடம் என்று நினைக்கிறார்கள். ரகசியத்தைச் சுமப்பவர் அவர்தானே, அதனால் அது அவருடைய உரிமை என்ற எண்ணம். இல்லை. அந்த உரிமை முழுக்க முழுக்கக் கட்சிக்காரருடையது. வக்கீல் வெறும் காவல்காரர். கட்சிக்காரர் சம்மதித்தால் வக்கீல் பேசலாம். கட்சிக்காரர் சம்மதிக்காவிட்டால், பேச வேண்டும் என்று வக்கீலின் நெஞ்சு எவ்வளவு துடித்தாலும் பேச முடியாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் படத்தின் கடைசி அரை மணி நேரம் வேறு படமாக மாறிவிடும்.

அந்தத் துடிப்பு எப்படிப்பட்டது என்பதைச் சினிமாவைவிட ஒரு உண்மை வழக்கு நன்றாகக் காட்டும். படத்தின் மாஃபியா குடும்பத்துக்குச் சொல்லப்படும் அதே சிகாகோ நகரம். 1982-இல் ஒரு உணவகக் காவலாளியைச் சுட்டுக் கொன்றதாக ஆல்டன் லோகன் என்பவர் கைதானார். கொன்றவர் அவர் இல்லை. வேறொரு கொலை வழக்கில் சிக்கியிருந்த இன்னொருவர், தனக்காக வாதாட அரசு நியமித்த இரண்டு வக்கீல்களிடம், அந்தக் காவலாளியைக் கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். வக்கீல்களுக்குத் தெரியும், வேறொரு மனிதன் அந்தக் குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான் என்று. சொன்னால் தங்கள் கட்சிக்காரரைத் தாங்களே மரண தண்டனைக்கு அனுப்பியதாகும். இருவரும் 1982 மார்ச்சில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு, உறையில் மூடி, இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். லோகனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெட்டி 26 வருஷம் பூட்டியே இருந்தது. தான் இறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கட்சிக்காரரிடமிருந்து வக்கீல்கள் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவர் 2007 நவம்பரில் சிறையில் இறந்தார். பெட்டி திறந்தது. 2008 ஏப்ரலில் லோகன் வெளியே வந்தார்.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றும் முழுதாக ஆறவில்லை. ஒரு மனிதனின் இளமை முழுவதும் ஒரு இரும்புப் பெட்டிக்கு வெளியே கரைந்துபோயிருக்கிறது. ஆனால் அந்த வக்கீல்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர்கள் கையில் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவரிடம் கேட்டு வாங்க முடிந்த அளவு வாங்கினார்கள், அவருடைய மரணத்துக்குப் பிறகு என்ற நிபந்தனையோடு. அந்தச் சம்மதம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அவர் இறந்த பிறகும் பூட்டு அப்படியே இருந்திருக்கும்.

இறந்த பிறகுமா என்று கேட்கலாம். ஆமாம். இதையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்திருக்கிறது. 1993 ஜூலையில், இந்தப் படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், வெள்ளை மாளிகை வக்கீல் வின்சென்ட் ஃபாஸ்டர் இறந்தார். அதற்குச் சில நாள் முன்னால் அவர் தன் சொந்த வக்கீல் ஒருவரைப் பார்த்துப் பேசியிருந்தார். அந்த வக்கீல் கையால் எழுதிய குறிப்புகள் மூன்று பக்கம். விசாரணை அதிகாரிகள் அந்த மூன்று பக்கத்தைக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: கட்சிக்காரர் இறந்தாலும் ரகசியம் இறப்பதில்லை, குறிப்புகளைக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு பலமான பூட்டு என்றால் அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. பூட்டு பேச்சுக்குத்தான், பொருளுக்கு இல்லை. கொலை நடந்ததைப் பற்றி வக்கீலிடம் சொன்னது ரகசியம். கொலை செய்த கத்தியை வக்கீலின் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனால் கத்தி ரகசியம் ஆகிவிடாது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1964-இல் இப்படி ஒரு கத்தி வழக்கையே பார்த்தது. கத்தியை வக்கீல் அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும், ஆனால் அது வக்கீலிடமிருந்து வந்தது என்பதை அரசுத் தரப்பு ஜூரியிடம் சொல்லக் கூடாது என்று நுணுக்கமாகப் பிரித்தது. பேச்சிலும் எல்லாம் அடங்காது. பொது இடத்தில் நாலு பேர் காதுபடப் பேசினால் ரகசியம் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாது. வக்கீல் நண்பரிடம் வெறுமனே கதை பேசுவதும் சட்ட ஆலோசனை ஆகாது.

இதையெல்லாம்விட முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. நடந்து முடிந்த குற்றத்தைப் பற்றி ஆலோசனை கேட்டால் பூட்டு விழும். நடக்கப்போகிற குற்றத்துக்கு, அல்லது நடந்துகொண்டிருக்கிற குற்றத்துக்கு வக்கீலையே கருவியாகப் பயன்படுத்தினால் அந்தப் பேச்சுக்குப் பூட்டே கிடையாது. நேற்று திருடிவிட்டேன், காப்பாற்றுங்கள் என்பது ரகசியம். நாளை திருட வேண்டும், மாட்டாமல் இருக்க ஒரு பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்பது ரகசியம் இல்லை.

கூர்மையாகப் படம் பார்க்கிறவர்கள் இங்கே கையை உயர்த்துவார்கள். நிறுவனமே மாஃபியாவின் பணத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் இந்த விலக்கின்படி அந்தக் கோப்புகளுக்குப் பாதுகாப்பே இல்லையே? மிட்ச் தாராளமாக எஃப்பிஐயிடம் கொடுத்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. படம் இந்த இடத்தைச் சுருக்கமாகக் கடந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மிட்சின் பயம் வெறும் பயமில்லை. அந்த விலக்கு முதல் பூட்டுக்கானது, அதாவது நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்வதற்கானது. எது குற்றத்துக்குத் துணைபோன பேச்சு, எது சாதாரண ஆலோசனை என்று பிரித்துச் சொல்வது நீதிபதியின் வேலை. ஒரு வக்கீல் தானே முடிவு செய்து ராத்திரியில் கோப்புகளை அள்ளிக்கொண்டு போவதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. இரண்டாவது பூட்டுக்குத் தனி விதிகள். அமெரிக்க வக்கீல் சங்கம் 1983-இல் வகுத்த மாதிரி விதிகளில், கட்சிக்காரர் செய்யப்போகும் குற்றத்தால் உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு வரப்போகிறது என்றால் அதைத் தடுக்க வாய் திறக்கலாம் என்று இருந்தது. பண மோசடியைத் தடுக்கத் திறக்கலாம் என்ற வாசல் அந்த மாதிரி விதிகளில் 2003-இல்தான் வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு வேறாக இருந்தது. கோப்புகளைக் கொடுத்தால் உரிமம் நிச்சயம் தங்கும் என்று 1993-இல் எந்த வக்கீலும் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். போதாததற்கு, கொடுத்த மறுநாளிலிருந்து மாஃபியா அவனைத் தேடும். சாட்சிப் பாதுகாப்பில் பெயரை மாற்றிக்கொண்டு ஆயுள் முழுக்க ஒளிந்து வாழ வேண்டும்.

இப்போது பில்லுக்கு வருவோம். சலிப்பான விஷயம் என்று பலர் ஒதுக்கும் இந்தப் பகுதியில்தான் எனக்கு ருசி அதிகம்.

அமெரிக்காவின் பெரிய வக்கீல் நிறுவனங்கள் மணிக்கணக்கில் காசு வாங்குகின்றன. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரிப்பார்கள், ஆறு நிமிஷத்துக்கு ஒரு கூறு. காலையில் ஒரு கட்சிக்காரரோடு பத்து நிமிஷம் போனில் பேசினால் இரண்டு கூறு. ஒரு கடிதம் படித்தால் ஒரு கூறு. ஒவ்வொரு வக்கீலும் நாள் முழுக்க இதைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாசக் கடைசியில் குறிப்பெல்லாம் சேர்ந்து பில்லாகி, உறையில் போய், தபாலில் கிளம்பும். எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது அந்த வக்கீலுக்கு மட்டுமே தெரியும். கட்சிக்காரர் நம்பித்தான் ஆக வேண்டும். மணிக்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலையைப் பதினொன்று என்று எழுதினால் 600 டாலர் சும்மா வரும். பணக்காரக் கட்சிக்காரர் கவனிக்கக்கூட மாட்டார்.

அந்த உறைமேல் தபால்தலை விழும்போது விஷயம் மாறுகிறது. தபாலைப் பயன்படுத்தி ஏமாற்றுவது அமெரிக்காவில் 1872-இலிருந்தே மத்திய அரசின் குற்றம். இந்தச் சட்டத்தில் ஒவ்வொரு உறையும் தனிக் குற்றம். படம் வந்த காலத்தில் ஒரு உறைக்கு ஐந்து வருஷம் வரை சிறை. 2002-இல் அதை இருபது வருஷமாக உயர்த்தினார்கள். பத்து வருஷத்துக்குள் இப்படி இரண்டு குற்றம் ஒரே போக்கில் நடந்திருந்தால்கூட, கும்பல்களை ஒடுக்க 1970-இல் கொண்டுவந்த ரிக்கோ சட்டத்துக்குள் இழுக்க வழி உண்டு. மெம்பிஸ் நிறுவனத்தின் பங்குதாரர்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்கில் பில்லை ஊதிப் பெருக்கியவர்கள். நூற்றுக்கணக்கான உறைகள். ஒவ்வொன்றிலும் ஐந்தைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். எஃப்பிஐ அதிகாரி முதலில் முகத்தைச் சுளிக்கிறார். மாஃபியாவைக் கேட்டால் தபால் மோசடியைக் கொடுக்கிறானே என்று. கணக்கு புரிந்ததும் அவருக்கே அதன் எடை தெரிகிறது. இதற்கு முன்னோடியும் உண்டு. எத்தனையோ கொலைகளில் பெயர் அடிபட்ட சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனை 1931-இல் 11 வருஷத்துக்கு உள்ளே தள்ளியது வருமான வரி வழக்குதான்.

இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும், நிஜத்தில் பில்லுக்காக எந்தப் பெரிய வக்கீல் உள்ளே போனார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர்: வெப்ஸ்டர் ஹபெல். ஆர்கன்சா மாநிலத்தின் பேர்போன ரோஸ் வக்கீல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்தவர். பிறகு அமெரிக்க நீதித்துறையின் உச்சப் பதவிகளில் ஒன்றில் அமர்ந்தவர். பழைய நிறுவனத்தில் இருந்தபோது பொய்க் கணக்குப் போட்டதற்காக 1994 டிசம்பரில் தபால் மோசடியையும் வரி ஏய்ப்பையும் ஒப்புக்கொண்டார். மறு வருஷம் 21 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது படம் வெளியாகி ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆனால் பில்லும் கட்சிக்காரரின் விஷயம்தானே? அதை மட்டும் எப்படி வெளியே கொடுப்பது? சாவி யாரிடம் என்ற கேள்விக்கு இங்கேதான் திரும்ப வருகிறோம். வக்கீலுக்கு எவ்வளவு ஃபீஸ் கொடுத்தோம் என்பது பொதுவாக முதல் பூட்டுக்குள் வராது. சட்ட ஆலோசனை அதில் இல்லை. இரண்டாவது பூட்டுக்குள் வரும். அதைத் திறக்கக் கட்சிக்காரரின் சம்மதம் வேண்டும். ஏமாற்றப்பட்டவர் சம்மதிக்காமல் இருப்பாரா? அந்தச் சம்மதத்தைத்தான் மிட்ச் தேடிப் போகிறான்.

கடைசியாக மொரோல்ட்டோக்களிடமே போகிறான். முடிவு சப்பென்று இருக்கிறது என்பவர்களுக்கு நம்ப முடியாத காட்சி, எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த காட்சி. கொலைகாரர்கள் முன்னால் உட்கார்ந்து, ஒரு வக்கீல் தன் கட்சிக்காரர்களிடம் பேசுவதுபோலவே பேசுகிறான். உங்களையும் என் நிறுவனம் பில்லில் ஏமாற்றியிருக்கிறது, அந்த பில்களை வெளியிட உங்கள் அனுமதி வேண்டும் என்கிறான். உங்கள் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் நான் உயிரோடு இருக்கும்வரை என்னோடே இருக்கும் என்கிறான். அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். இவன் ஓடியிருந்தால் எதிரி. இவன் வக்கீலாகவே நிற்கிறான், அதனால் இவன் வாயைச் சட்டமே பூட்டியிருக்கிறது. அவர்களுக்கு இவனைக் கொல்லக் காரணம் இல்லை. நிறுவனத்தைக் காப்பாற்றவும் காரணம் இல்லை. அவர்களையே ஏமாற்றிய நிறுவனம் அது. எந்தப் பூட்டு இதுவரை அவன் கழுத்தை நெரித்ததோ, அதே பூட்டுதான் இப்போது அவன் உயிரைக் காக்கிறது.

மூல நாவலைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தில் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. 1991-இல் வந்த அந்த நாவலை எழுதிய ஜான் கிரிஷாம், மெம்பிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சவுத்தேவனில் வக்கீலாக இருந்தவர். அவருடைய மிட்ச் கோப்புகளை எஃப்பிஐக்குக் கொடுத்துவிடுகிறான். நிறுவனத்தின் கணக்கிலிருந்து பெரும் பணத்தை மாற்றிக்கொண்டு மனைவியோடு கரீபியன் கடலில் தலைமறைவாகிறான். படிக்கப் பரபரப்பான முடிவு. இரண்டு தரப்பும் துரத்தும் ஓட்டம் அந்தப் பக்கங்களில் நிஜமாகவே மூச்சு வாங்கும். ஆனால் அவன் வக்கீலாக மிஞ்சவில்லை. தன் வாழ்க்கையே சட்டப் படிப்புதான் என்று ஏறி வந்த பையனுக்கு அது வெற்றிதானா? திரைக்கதை எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மற்ற அபிப்பிராயங்களையும் சொல்லிவிடுகிறேன். 154 நிமிஷம் நீளம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் அரை மணி நேரம் தளர்கிறது. டேவ் க்ரூசினின் இசையில் கிட்டத்தட்ட பியானோ மட்டும்தான். சிலருக்கு அது ஓயாத நச்சரிப்பு, எனக்கு மிட்சின் நெஞ்சுத் துடிப்பு. ஹாலி ஹண்டர் சில நிமிஷங்கள்தான் வருகிறார், அந்தச் சில நிமிஷத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

ஜீன் ஹேக்மனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் நடித்த ஏவரி டோலார் என்ற மூத்த வக்கீலைப் பலரும் படத்தின் மிகச் சிறந்த பாத்திரம் என்கிறார்கள். சரிதான். ஒரு காலத்தில் இவரும் மிட்சைப் போல வந்தவராகத்தான் இருக்க வேண்டும். வரி விதியை எவ்வளவு வளைக்கலாம், எந்த இடத்தில் ஒடியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தருகிறார். ரகசியக் காப்பு என்ற நல்ல விஷயம் ஒரு மனிதனை எப்படி உள்ளிருந்து அரிக்கும் என்பது அவர் முகத்தில் தெரிகிறது. அவருடையதும் அதே பூட்டுதான். கட்சிக்காரரின் குற்றத்தில் தானும் பங்காளியான அன்றே அவர் காவல்காரராக இல்லாமல் போனார். அதற்குப் பிறகு அவர் காத்தது தன்னுடைய ரகசியத்தை.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் அன்று இரவே சொன்னேன். ரொம்ப நேரம் லோகனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். அந்த வக்கீல்கள் செய்தது சரியா என்று கேட்டான். நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

போன வாரம் படத்தை மறுபடி போட்டான். நடுவில் ஒரு சாதாரணக் கட்சிக்காரர், பில்லில் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று மிட்சிடம் குறைப்படும் காட்சி வரும். சட்டென்று கடந்துபோகிற காட்சி. அங்கே நிறுத்தி, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான்: “மாமா, போன தடவை இது வந்ததே எனக்குத் தெரியல.”